எப்போது போனாலும் அதே ருசி: பாராட்டா, புகாரா?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான். ஓர் உணவகத்துக்குப் போகுமுன்பே அங்கே என்ன கிடைக்கும், எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடுகிறதே, அது அந்த இடத்தின் சிறப்பா, குறையா? கேட்டவர் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வோர் உதாரணம் தந்திருந்தார். திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948 முதல் இருக்கிறது. அங்கே இட்லியை சாம்பாரில் மூழ்கடித்துத் தருவது இன்னும் அப்படியே இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் எந்த மாலுக்குப் போனாலும் அதே பனீர் பட்டர் மசாலா வந்தால் சலித்துக்கொள்கிறோம். இரண்டும் மாறாத ருசிதானே, ஒன்றுக்கு மட்டும் ஏன் மரியாதை என்பது அவர் சந்தேகம்.

நியாயமான சந்தேகம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ருசி மாறாமல் இருக்க இரண்டு வழி உண்டு. ஒரு வழியில், சமையற்கட்டுக்குள் வரும் பொருள் தினமும் மாறும். சமைக்கிறவர் அதைக் கவனித்து, அதற்கேற்பத் தன் கையை மாற்றி, கடைசியில் அதே ருசியைக் கொண்டுவந்து விடுவார். இன்னொரு வழியில், மாறக்கூடிய எதையும் உள்ளே விடுவதே இல்லை. சாப்பிடுகிறவருக்கு முதல் நாள் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். முதல் வகையை நான் கலை என்றே சொல்வேன். இரண்டாவது வகை ஒரு வசதி. வசதியும் வேண்டியதுதான், அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் பில்லில் போடுவதில்லை.

இட்லியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவ்வளவு சாதுவாகத் தெரிந்து அவ்வளவு படுத்தும் பண்டம் வேறு இல்லை. அரிசி, உளுந்து, உப்பு, தண்ணீர், இஷ்டப்பட்டால் கொஞ்சம் வெந்தயம். இதில் எதுவும் நேற்று இருந்த மாதிரி இன்று இருக்காது. புது உளுந்து ஆட்டினால் நன்றாகக் காணும். கிடங்கில் கிடந்து பழசான உளுந்து அதே படிக்கு மாவு குறைவாகத்தான் தரும். பழைய அரிசி தண்ணீர் அதிகம் கேட்கும். மாவைப் பொங்க வைப்பது லியூகோநாஸ்டாக் என்ற வகை நுண்ணுயிர்கள். அவை வெயிலுக்குத் தக்கபடிதான் வேலை செய்யும். சித்திரை வைகாசியில் ஆறேழு மணி நேரத்தில் அண்டாவை விட்டு வழிகிற மாவு, மார்கழியில் அதே ஊரில், அதே அண்டாவில் விடியும்வரை யோசித்துக்கொண்டிருக்கும். ஊட்டிக்காரர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். கிரைண்டர் தொடர்ந்து ஓடிக் கல் சூடேறினால் உளுந்து மாவு நுரைத்து வராது. அதனால் கோடையில் ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்டுகிறவர்கள் உண்டு. உளுந்து மாவு பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுவார்கள், மிதந்தால் சரி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு நோட்டில் எழுதிவைத்த அளவை, நேரத்தை, தண்ணீர்க் கணக்கை வருஷம் முழுக்க ஒரு புள்ளி பிசகாமல் பின்பற்றினால் இட்லி ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு மாதிரி வரும். ஜனவரியில் கல், மேயில் புளிப்பு. வருஷம் முழுக்க ஒரே இட்லி வரவேண்டும் என்றால் மாஸ்டர் அந்த நோட்டை மதிக்காமல் இருக்கவேண்டும். "இங்கே எப்பவும் அதே இட்லிதான்" என்று வாடிக்கையாளர் அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போகும் வாசகத்துக்குப் பின்னால் தினம் தினம் நடக்கும் இந்தத் திருத்தம் இருக்கிறது.

சாம்பாரும் அப்படித்தான். மாசி, பங்குனியில் வரும் புதுப் புளி நிறம் வெளிறி இருக்கும், புளிப்பு கூர்மையாக இருக்கும். பழசாக ஆக கறுக்கும், கரைசலே வேறு மாதிரி ஆகும். துவரம்பருப்பு சில மூட்டை ஒரு கொதியில் குழையும், சில மூட்டை மூன்று விசிலுக்கும் அசையாது. கொள்முதல் பக்கம் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: சாம்பார், குழம்பு வைக்கிற நல்ல சரக்கு மாஸ்டர் மூட்டை இறங்கும்போதே வந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பார். "இது யார் அனுப்பினது?" என்று கேட்டாரென்றால் அன்றைக்கு நமக்கு மண்டகப்படி. எங்களுக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். சாம்பார் மாறாமல் இருந்ததற்குக் காரணம் அந்த எரிச்சல்தான்.

இப்போது இரண்டாவது வழி. இதற்கு மெக்டொனால்ட்ஸை விட்டால் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அதன் கதை நாம் நினைக்கிற மாதிரி இயந்திரத்தில் தொடங்கவில்லை என்பது சுவாரசியம். கலிபோர்னியாவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் நடத்திய கடையில் உருளைக்கிழங்கு வறுவல் பிரமாதமாக இருந்தது. அதைப் பல கடைகளாகப் பெருக்கிய ரே கிராக் 1955ல் சிகாகோ பக்கத்தில் டெஸ் பிளெய்ன்ஸில் தன் முதல் கடையைத் திறந்து, அவர்கள் சொன்னபடியே ஒவ்வொரு படியையும் செய்தார். வறுவல் சரியாக வரவில்லை. ஏன் என்று துருவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சகோதரர்கள் கிழங்கைக் கம்பி வலைத் தொட்டிகளில் திறந்த வெளியில் வைத்திருந்தார்கள். பாலைவனக் காற்று பட்டுப் பட்டு அது உலர்ந்து, உள்ளேயிருந்த சர்க்கரை மாவுச்சத்தாக மாறிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வேலை நடக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது. கிராக் தன் கடையின் அடித்தளத்தில் மின்விசிறி வைத்துக் கிழங்குக்குக் காற்றடித்தார். வறுவல் சரியானது.

அந்தக் கட்டம் வரை கிராக்கும் நம் இட்லி மாஸ்டரும் ஒரே ஜாதிதான். பொருளைக் கவனித்துத் திருத்துகிறவர்கள். ஆனால் கடைகள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது ஒவ்வொரு கடையிலும் கிழங்கை அப்படிக் கவனிக்க ஆள் கிடைக்காது. பருவத்துக்குப் பருவம் கிழங்கு ரகமும் மாறும். 1960களில் ஐடஹோ மாநிலத்து உருளைக்கிழங்கு வியாபாரி ஜே. ஆர். சிம்ப்ளாட்டின் உறைந்த வறுவல் வந்தது. கிழங்கின் ரகம், வெட்டு, முதல் வறுப்பு எல்லாம் ஆலையிலேயே முடிந்துவிடும். கடையில் இருக்கிறவர் மணி அடித்ததும் கூடையைத் தூக்கினால் போதும். அன்றிலிருந்து வறுவல் மாறாமல் இருப்பதற்குக் கடையில் நிற்கிறவரின் கவனம் தேவைப்படவில்லை. இத்தனைக்கும் அந்த 'மாறாத' ருசியும் 1990ல் ஒரே உத்தரவில் மாறியது. மாட்டுக் கொழுப்பிலிருந்து தாவர எண்ணெய்க்குப் போனார்கள்; பழைய ருசியை நினைத்து இன்னமும் புலம்புகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் சாதாரண நாளில் தெரியாது, இக்கட்டு வரும் நாளில்தான் தெரியும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனது நினைவிருக்கும். அப்போது வட, கிழக்கு இந்தியாவின் மெக்டொனால்ட்ஸ் கடைகள் பலவற்றில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: எங்கள் தரச் சோதனையில் தேறும் தக்காளி போதிய அளவு கிடைக்கவில்லை, அதனால் தற்காலிகமாகத் தக்காளி இல்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த முறையில் அது ஒன்றுதான் செய்ய முடியும். வட்டமாக, இன்ன அளவில், இன்ன அளவுக்குப் பழுத்த தக்காளி வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் காலி. அதே வாரத்தில் நம்மூர் ஓட்டல்களில் ரசம் நிற்கவில்லை. தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டினார்கள், மிளகு சீரகத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டார்கள். சிவப்புச் சட்னி வெங்காயம், மிளகாய் பக்கம் சாய்ந்தது. சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

பெங்களூரு எம்.டி.ஆர். இந்த இரண்டு வழியையும் ஒரே வீட்டுக்குள் பார்த்த இடம். மாவள்ளி டிபன் ரூம்ஸ், 1924ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காமல் போனபோது ரவையில் இட்லி செய்து பார்த்தவர்கள் தாங்கள்தான் என்று அவர்கள் சொல்வார்கள். ரவா இட்லி இன்றைக்கும் அந்தக் கடையின் அடையாளம். நெருக்கடி நிலைக் காலத்தில் டிபன் விலையை அரசு கட்டாயமாகக் குறைத்தபோது, தரத்தைக் குறைக்க மாட்டோம் என்று அதே சரக்கைப் போட்டு, அன்றன்றைய நஷ்டத்தைக் கடை வாசலில் எழுதிவைத்து நடத்தினார்கள். கட்டுப்படியாகாமல் கடையை மூடவேண்டி வந்தது. ருசி மாறாமல் இருக்க எவ்வளவு செலவாகும் என்பதைப் பலகையில் எழுதி வைத்த கடை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடை மூடியிருந்த காலத்தில்தான் அவர்களின் பாக்கெட் மாவு, பொடி வியாபாரம் தலையெடுத்தது. கை பக்குவத்தைக் காப்பாற்றக் கடையையே மூடியவர்கள், கையே தேவைப்படாத ரெடி மிக்ஸில் பெரிய ஆளானார்கள். அந்த வியாபாரம் 2007ல் நார்வேயின் ஓர்க்லா நிறுவனத்துக்குப் போய்விட்டது; உணவகம் குடும்பத்திடமே இருக்கிறது. ரவா இட்லி மிக்ஸ் இன்று அமெரிக்காவில் ஒரு சமையலறையிலும் மதுரையில் ஒரு சமையலறையிலும் ஒரே மாதிரி வரும். லால்பாக் ரோட்டில் அவர்கள் கடையில் உட்கார்ந்து சாப்பிடும் இட்லியோடு அதை ஒப்பிட்டால் நான் எதைச் சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் டெக்சாஸில் இருக்கிற என் தங்கை மகனுக்கு அந்தப் பாக்கெட் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதும் எனக்குத் தெரியும்.

இங்கேதான் வசதிக்கு உரிய மரியாதையைத் தரவேண்டும். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970ல் எழுதிய ஒரு கட்டுரை, பழைய கார் சந்தையை வைத்து, வாங்குகிறவருக்குத் தரம் தெரியாதபோது என்ன ஆகும் என்று ஆராய்ந்தது. 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவே அடிப்படை. அந்தக் கட்டுரையில் போகிற போக்கில் உணவகச் சங்கிலிகளைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளில்தான் அவை அதிகம் காணப்படும், வாடிக்கையாளர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர் அல்ல என்கிறார். சராசரி உள்ளூர்க் கடையைவிடச் சங்கிலிக் கடை நன்றாக இருக்கும். ஆனால் உள்ளூர்க்காரருக்குத் தன் ஊர் தெரியும், அவர் அதைவிட நல்ல இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

இதைத் தமிழ்நாட்டில் படிப்பவருக்கு விளக்கவே தேவையில்லை. ராத்திரி பஸ்ஸை ஓட்டுநர் ஒரு பைபாஸ் மோட்டலில் நிறுத்துவார். ஆறிப்போன பரோட்டா, தண்ணீர்க் குருமா, ஊரில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு விலை, பாத்ரூமுக்குத் தனிக் காசு. கடைக்காரருக்குத் தெரியும், நீங்கள் இனி இங்கே வரப்போவதில்லை; வந்தாலும் நீங்களாக வரப்போவதில்லை, பஸ்தான் கொண்டுவரும். அவர் நன்றாகச் சமைக்க எந்தக் காரணமும் இல்லை. இதே சாலையில் ஒரு பெயர் தெரிந்த சங்கிலியின் போர்டு தெரிந்ததும் காரில் போகிறவர்கள் வண்டியைத் திருப்புகிறார்களே, அவர்கள் ருசி தெரியாதவர்கள் அல்ல. கைக்குழந்தை, சர்க்கரை வியாதிக்காரர் அம்மா, பசியில் எரிச்சலாகும் மாமனார் ஆகியோரை வைத்துக்கொண்டு பரிசோதனை செய்ய முடியாது. கழிவறை சுத்தமாக இருக்கும், இட்லி இட்லியாக இருக்கும் என்ற நிச்சயத்துக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள். அதில் தப்பே இல்லை.

பிரச்சினை, அந்த நெடுஞ்சாலைத் தர்க்கம் ஊருக்குள் வந்து குடியேறும்போது. உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கான சாப்பாட்டையே பரிமாறத் தொடங்கும்போது.

கேட்டவர் சலித்துக்கொண்ட பனீர் பட்டர் மசாலா அந்த ரகம். மல்டி குசைன் என்று போர்டு போட்ட இடங்களின் சமையலறையில் காலையிலேயே இரண்டு மூன்று கிரேவி தயாராகிவிடும். வெங்காயம் தக்காளி சேர்த்த சிவப்பு ஒன்று, முந்திரி அரைத்த வெள்ளை ஒன்று, வெண்ணெய் சேர்த்த மக்கனி ஒன்று. மெனு கார்டில் நாற்பது பெயர் இருக்கும். அடுப்பில் நடப்பது, எந்தக் கிரேவியில் எதைப் போடுவது, மேலே கிரீமா கசூரி மேத்தி என்கிற காய்ந்த வெந்தயக்கீரையா என்கிற முடிவு மட்டுந்தான். அந்தக் கடையில் நேற்றும் இன்றும் ருசி ஒன்றாக இருப்பது புகார் ஆகாது. தென்காசியில் சாப்பிட்டதும் திருவண்ணாமலையில் சாப்பிட்டதும் ஒன்றாக இருப்பதுதான் புகார். ஒரு கடை தன்னைப் போலவே இருப்பது வேறு, எல்லாக் கடையும் ஒன்றைப் போல ஒன்று இருப்பது வேறு. முதலாவதைக் கேட்டால் ரத்னா கபே நினைவுக்கு வரும். இரண்டாவதைக் கேட்டால் எந்தப் பெயரும் நினைவுக்கு வராது.

பெயரை மட்டும் ஒரே மாதிரி ஆக்கி ருசியை விட்டுவிட்ட கூத்தும் உண்டு. 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற பலகையும் பித்தளை டபரா செட்டும் இல்லாத நெடுஞ்சாலை தமிழ்நாட்டில் இருக்கிறதா? டிகாக்‌ஷன் காலையில் இறக்கியதா, நேற்றையதா, சிக்கரி எத்தனை, பால் எந்தப் பால் என்பதெல்லாம் கடைக்குக் கடை மாறும். இந்தியாவில் காபி சிக்கரி கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை போகச் சட்டமே இடம் தருகிறது. ஆக டபராவை வைத்து எதையும் ஊகிக்க முடியாது. பார்க்க எல்லாம் ஒன்று, குடித்தால் அவரவர் அதிர்ஷ்டம். நிச்சயமும் இல்லை, தனித்தன்மையும் இல்லை. இரண்டு உலகத்திலும் மோசமானதை எடுத்துக் கலந்தது இது.

பிரான்சுக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைப் போலவே பிடிவாதக்காரர்கள். பாரிஸில் போர்த் மாயோ பக்கம் 1959ல் தொடங்கிய ஒரு கடை, ரலே த வெனீஸ். மெனு கார்டே கிடையாது. அக்ரூட் பருப்பு தூவிய பச்சிலை சாலட், பிறகு சாஸ் ஊற்றிய மாட்டிறைச்சி வறுவல், கூடவே உருளைக்கிழங்கு. சாப்பாட்டைப் பற்றி உங்களிடம் கேட்கும் ஒரே கேள்வி, இறைச்சி எந்தப் பதத்தில் வேகவேண்டும் என்பதுதான். முன்பதிவு இல்லை, வாசலில் வரிசை. இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் கிளைகள் உண்டு. அங்கே வரிசையில் நிற்கிறவர்களிடம் போய், உள்ளே என்ன கிடைக்கும் என்று முன்பே தெரிவது குறையா என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதற்காகத்தானே நிற்கிறோம்!

உயர்ந்த ரக உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷ்லன் கையேடு பார்க்கும் ஐந்து அளவுகோல்களில் ஒன்று, மெனு முழுவதிலும் காலம் முழுவதிலும் தரம் மாறாமல் இருப்பது. அதற்காகவே அதன் ஆய்வாளர்கள் யாரென்று சொல்லாமல், ஒரு முறைக்கு மேல் வந்து சாப்பிட்டுப் பார்ப்பார்கள். லியோன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் பால் பொக்கூஸின் உணவகம் 1965 முதல் மூன்று நட்சத்திரத்தை வைத்திருந்தது. 1975ல் பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் தெஸ்தானுக்காக அவர் செய்த கறுப்பு ட்ரஃபிள் காளான் சூப், மேலே பொங்கிய பேஸ்ட்ரி மூடியோடு, அதன் பிறகு பல பத்தாண்டுகள் அங்கே மாறாமல் பரிமாறப்பட்டது. 2018ல் அவர் இறந்தார். 2020ல் மிஷ்லன் ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டது. தரம் சிறப்பாகவே இருக்கிறது, ஆனால் மூன்று நட்சத்திர அளவுக்கு இல்லை என்றது. பிரான்சில் பெரிய சண்டை. என் வாசிப்பு இது, மிஷ்லன் இப்படிச் சொல்லவில்லை: செய்முறை அப்படியே இருந்தது, அதைத் தினமும் எதிர்த்துக் கேள்வி கேட்கும் ஆள் இல்லாமல் போனார். நோட்டை அப்படியே பின்பற்றினால் இட்லிக்கு என்ன ஆகும் என்று மேலே சொன்னேனே, அதேதான்.

எதிர்முனையில் ஸ்பெயினின் எல் புல்லி உணவகம். அதன் தலைமைச் சமையல்காரர் ஃபெரான் அட்ரியா வருஷத்தில் பாதி நாள் கடையை மூடி, பார்சிலோனாவில் ஒரு பட்டறையில் புதுப் பண்டங்களைக் கண்டுபிடிப்பார். திறக்கும்போது மெனு புதுசு. போகிறவருக்கு முன்னால் என்ன வரப்போகிறது என்று தெரியாது. 2011ல் மூடிவிட்டார். ஊகிக்க முடியாமை அங்கே ஒரு பெருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆச்சரியத்துக்காக உலகம் முழுவதிலுமிருந்து ஆள் போனதற்குக் காரணம், தட்டில் வருவது என்னவாக இருந்தாலும் அது சொதப்பலாக இருக்காது என்ற உறுதி. உங்கள் தெருவில் புதுசாகத் திறந்த கபேயில் சாக்லேட் தோசை போடுகிறார்களே, அதுவும் ஆச்சரியம்தான். இரண்டாவது தடவை போனீர்களா?

நம் இலைச் சாப்பாட்டைக் கட்டியமைத்தவர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். சாம்பார், ரசம், மோர் என்கிற வரிசை மாறாது. அது மாறினால் சண்டை. ஆனால் கூட்டும் பொரியலும் தினமும் மாறியே ஆகவேண்டும். திங்கள் கோஸ் என்றால் செவ்வாய் அவரைக்காய். ஒரு நாள் வத்தக்குழம்பு, இன்னொரு நாள் மோர்க்குழம்பு. மெஸ்ஸில் மாதச் சாப்பாடு சாப்பிடுகிறவர் ரசம் மாறினால் கேட்பார், பொரியல் மாறாவிட்டால் கேட்பார். இரண்டு புகாருக்கும் இடையில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. சந்தையில் எது மலிவோ அது பொரியலில் போகும், கடைக்காரருக்கும் லாபம். எது நிலையாக இருக்கவேண்டும், எது காலத்தோடு போகவேண்டும் என்று ஒரே இலையில் கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். வருஷம் 365 நாளும் பீன்ஸ் கேரட் பொரியல் போடுகிற சாப்பாட்டுக் கடையில் எனக்கு நம்பிக்கை குறைவு. அங்கே யாரும் சந்தைக்குப் போவதில்லை, காய் வண்டிதான் வருகிறது.

மீனில் இதை இன்னும் துல்லியமாகச் சோதிக்கலாம். தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். நாட்டுப் படகுக்காரர்கள் கரையோரமாகப் பிடிப்பதுதான் அப்போது வரும், நெத்திலி, சாளை, காரப்பொடி மாதிரி. அந்த மே மாதத்தில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் தட்டுத் தட்டாக வஞ்சிரம் வறுவல், அதே கனம், அதே வட்டம், அதே விலையில் கிடைக்கிறது என்றால், அது மேற்குக் கரையிலிருந்து வந்திருக்கலாம், அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அல்லது ஐஸில் பல நாள் தூங்கியதாக இருக்கலாம். தப்பென்று சொல்லவில்லை, கேட்டுச் சாப்பிடுங்கள். "இன்னிக்கு வஞ்சிரம் இல்லண்ணே, நெத்திலி நல்லா இருக்கு" என்று சொல்லும் கடையில் மெனு மாறுகிறது. குழம்பின் புளியும் மசாலாவும் மட்டும் மாறாமல் இருந்தால், எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஓட்டல்காரர்கள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் பாவம். ஏன் எல்லாரும் பொடிக்கும் கிரேவிக்கும், எல்லாக் கிளைக்கும் ஒரே இடத்தில் சமைத்து அனுப்பும் சென்ட்ரல் கிச்சனுக்கும் போகிறார்கள்? சோம்பல் காரணமல்ல. ஒரு நல்ல சரக்கு மாஸ்டர் பக்கத்துக் கடையில் இரண்டாயிரம் கூடக் கொடுத்தால் போய்விடுவார், அவரோடு சாம்பாரும் போய்விடும். "மாஸ்டர் மாறிட்டார் போலிருக்கு" என்று மறுநாளே வாடிக்கையாளர் கல்லாவில் வந்து சொல்வார். அவருக்கு அடுத்து அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவர் மகனுக்கு இஷ்டமில்லை. அவன் இன்ஜினீயரிங் படிக்கிறான், படிக்கட்டும். இன்று சென்னையில் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிறவர் ஒடிசாவிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பலர் கெட்டிக்காரர்கள், நம்மவர்களைவிட மெல்லிசாக வார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சிறு வயதிலிருந்து அந்த சாம்பாரைக் குடித்து வளராதவரிடம், புளி இன்று கூர்மையாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வது நியாயமில்லை. முதலாளி பொடியை எடைபோட்டுப் பொட்டலமாகக் கட்டித் தருகிறார். சாம்பார் ஒரு படி இறங்கும், ஆனால் அதற்குக் கீழே போகாது. ஐந்தாறு கிளை வைத்திருக்கிறவருக்கு அது போதும். கவனித்தால் தெரியும், இதே கடைகளில் தேங்காய்ச் சட்னியை மட்டும் அந்தந்தக் கிளையிலேயே அரைப்பார்கள். காலையில் அரைத்தது வண்டியில் ஊர் சுற்றி வந்தால் மதியத்துக்குள் புளித்துவிடும் என்பதுதான் காரணம். அதனால்தான் பல சங்கிலிக் கடைகளில் இட்லி எல்லாக் கிளையிலும் ஒன்றாக இருந்தும் சட்னி மட்டும் கிளைக்குக் கிளை வேறாக இருக்கிறது. சட்னியை வைத்துக் கிளையைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, கேட்டவர் ஒட்டிவைத்திருந்த துணைக் கேள்வி: தெரியாத ஊரில் எதை நம்பி உட்காருவது? சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பவேண்டும், கூடக் குழந்தையோ பெரியவர்களோ இருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் பெயர் தெரிந்த கடைக்குப் போங்கள். இரண்டு நாள் தங்குகிறீர்கள் என்றால் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, உள்ளூர்க்காரர்கள் மெனு கேட்காமலே சாப்பிடும் கடையைத் தேடுங்கள். வெள்ளைப் போர்டில் அன்றைய அயிட்டம் கையால் எழுதியிருந்தால் நல்லது; அதில் இரண்டை அழித்திருந்தால் இன்னும் நல்லது. பகல் இரண்டரைக்குப் போய் "பொரியல் தீர்ந்துபோச்சு, அப்பளம் ரெண்டா வெச்சுக்கிறீங்களா?" என்று சப்ளையர் கேட்டால் எழுந்து போய்விடாதீர்கள். ராத்திரிக்கு அதே கடைக்கு மறுபடி போய் ஒரு சாம்பார் இட்லி சொல்லிப் பாருங்கள். மதியம் சாப்பிட்ட சாம்பாரின் ருசி அதில் இருந்தால், மறுநாள் காலையிலும் அங்கேயே சாப்பிடலாம்.